மச்சான் வீட்டு ஆன்டெனா

"கோபால்சாமி சார், உங்க சிக்னல் ஐந்து ஒன்பது. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது. தாண்டவராயன் சார், உங்களுக்கு ஐந்து மூணு. வரவரக் கொறைஞ்சிக்கிட்டே போவுது, கொஞ்சம் பாருங்க."

வேலூரிலிருந்து ரேடியோ சங்கத்து ராஜேஸ்வரி அம்மாள் ரேடியோவில் இப்படிச் சொன்னதும் தாண்டவராயனுக்குக் கையிலிருந்த டீ கசந்தது. ஐந்து ஒன்பது என்றால் நூற்றுக்கு நூறு. ஐந்து மூன்று என்பது பாவம் பார்த்துப் போடும் பாஸ் மார்க்.

மலைமேலிருந்த புதூர்நாட்டில், வீட்டிலிருந்தே ஊர்விட்டு ஊர் பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜீப் ஓட்டும் தாண்டவராயன். இன்னொருவர் மாவு மில் வைத்திருக்கும் கோபால்சாமி. தாண்டவராயனின் மனைவி ஈஸ்வரிக்குக் கூடப்பிறந்த அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர். லைசென்ஸ் ஆசை முதலில் வந்தது தாண்டவராயனுக்குத்தான். பரீட்சைக்குப் புத்தகம் வாங்கியதும் அவர்தான். மச்சான் அதை ஒரு வாரம் இரவல் வாங்கிப் படித்துவிட்டு, கூடவே சென்னைக்கு வந்து எழுதி, நான்கு மார்க் அதிகமாக வாங்கிவிட்டார். அந்த நான்கு மார்க் இரண்டு வருடமாகத் தாண்டவராயனின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

வீடுகள் பள்ளத்தில் இருந்ததால் ஆன்டெனா கம்பங்கள் இரண்டும் பின்னாலிருந்த பாறைமேட்டில் நின்றன. ஆலங்காயத்துக் கேபிள்காரர் குமரேசன் ஒரே நாளில் இரண்டையும் நட்டு, ஒயர்களை ஒரே குழாயில் விட்டுப் புதைத்து, ஆளுக்கொரு வீட்டில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது மானப் பிரச்சினை ஒன்று வந்திருந்தது. மழையில் மண் சரிந்து செல்போன் டவர் படுத்துவிட்டால் மலையிலிருந்து சேதி சொல்ல ஒரு அவசர நிலையம் வேண்டும். ஒரே ஒரு நிலையம்தான் என்று ரேடியோ சங்கத்தார் முடிவு செய்திருந்தார்கள். ஐப்பசி முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை. யாருடைய சிக்னல் நன்றாகக் கேட்கிறதோ அவர் வீட்டு வாசலில் போர்டு. தாண்டவராயன் அந்தப் போர்டுக்காகச் சுவரில் இரண்டு ஆணிகளை இப்போதே அடித்து வைத்திருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் கெட்டுப்போயிருக்க வேண்டியது கோபால்சாமியின் சிக்னல்தான். ஏனென்றால் ஆடி மாதமே, யாரும் பார்க்காத நேரத்தில், மச்சானின் கம்பத்தடியில் ஆறு அவரை விதைகளை ஊன்றிவிட்டு வந்திருந்தார் தாண்டவராயன். ஈரக்கொடி சுற்றினால் ஆன்டெனாவின் பலம் குறையும் என்று அதே புத்தகத்தில்தான் படித்திருந்தார். சொந்தக் கொல்லைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றாதவர், அந்தக் கொடிக்குத் தினம் இரண்டு குடம் சுமந்தார். கொடியும் நன்றி மறக்காமல் கம்பத்தின் உச்சிவரை ஏறிப் பந்தலாகப் படர்ந்தது. கோபால்சாமியின் மனைவி மங்கம்மாள் காயைப் பறித்து நாத்தனார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். வாரத்தில் மூன்று நாள் தாண்டவராயன் அந்தப் பொரியலைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

கொடி மூடிய கம்பத்தை வைத்துக்கொண்டு இந்த ஆள் ஐந்து ஒன்பது வாங்குகிறானே என்று வயிறு எரிந்தது. தன் கம்பத்தின்மேல் இன்னொரு பத்தடிக் குழாயைச் சேர்த்து உயர்த்தினார்.

மறுநாள் மாலை ராஜேஸ்வரி அம்மாள், கோபால்சாமி சாரின் சிக்னல் நேற்றைவிடத் தூக்கலாக இருக்கிறதே, புது ஆன்டெனாவா என்று கேட்டார். கோபால்சாமி தான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். தாண்டவராயன் நம்பவில்லை. அவருடைய சிக்னலோ ஐந்து இரண்டுக்கு இறங்கியிருந்தது.

சென்னையிலிருந்து பெரிய ஆன்டெனா ஒன்றை வரவழைத்து, வேலூர் பக்கமாகத் திருப்பிக் கட்டினார். அன்றைக்கு மச்சானின் குரல் கேட்டு ராஜேஸ்வரி அம்மாளே அசந்துபோய் ஒலியைக் குறைத்தாராம். அந்தச் சந்தோஷத்தில் கோபால்சாமி பக்கத்து வீட்டுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினார்.

"எங்கண்ணனுக்குக் கைராசிங்க," என்றாள் ஈஸ்வரி.

"கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. களவாணித்தனம்," என்றார் தாண்டவராயன். ஆனாலும் அதிரசம் மூன்று சாப்பிட்டார்.

பிறகு பவரில் கைவைத்தார். சிநேகிதர் ஒருவரிடமிருந்து ஆம்ப்ளிஃபையர் வாங்கிவந்து மாட்டி, லைசென்ஸில் அனுமதித்ததைப்போல நான்கு மடங்கு ஏற்றி, "யாராவது கேக்கறீங்களா?" என்று மைக்கில் கூப்பிட்டார். அன்று புரட்டாசி சனிக்கிழமை. பெருமாள் கோயில் பஜனைக்கு நடுவில் ஒலிபெருக்கி கரகரத்து, "யாராவது கேக்கறீங்களா, யாராவது கேக்கறீங்களா" என்று மன்றாடியது. பூசாரி கற்பூரத் தட்டோடு அண்ணாந்து பார்த்தார். கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கேக்குது சாமி" என்றார்கள்.

விஷயம் வேலூர்வரை போயிற்று. இன்னொரு முறை இப்படிச் செய்தால் லைசென்ஸ் தங்காது என்று ராஜேஸ்வரி அம்மாள் எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னார். மறு வாரம் முழுக்க, தாண்டவராயனின் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லாம் "கேக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள்.

சோதனை ஞாயிறு வந்தது. நேர்வழிகள் தீர்ந்துபோயிருந்தன. காலை ஒன்பதரைக்குத் தாண்டவராயன் பாறைமேடு ஏறி, அவரை இலைகளை விலக்கி, மச்சானின் கம்பத்தடியில் ஒயர் இணைப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கழற்றிவிட்டார். இறங்கிவந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரேடியோ முன்னால் உட்கார்ந்தார்.

பத்து மணி ஆயிற்று. அவருடைய ரேடியோவில் ஒரு குரலும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். உஸ்ஸென்ற இரைச்சல்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக மட்டும் கோபால்சாமியின் குரல் தெளிவாக வந்தது.

"ஐந்து ஒன்பதுங்களா? ரொம்ப நன்றிங்கம்மா."

ஈஸ்வரி ஓடிவந்து, அண்ணனுக்குத்தான் போர்டு என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் சர்க்கரை எடுக்கப் போனாள். தாண்டவராயன் சுவரிலிருந்த ஆணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கோபால்சாமி நல்ல மனுஷர். அதுவும் தாண்டவராயனுக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று. "இன்னா மாப்ள, உன் செட்டு செத்துக் கெடக்க, நான் மட்டும் போர்டு மாட்டிக்கினா நல்லாவா இருக்கும்?" என்றவர், ஊருக்குள் டிஷ் மாட்ட வந்திருந்த குமரேசனை உடனே கூட்டிவந்தார்.

குமரேசன் பாறைமேடு ஏறினார். மச்சானின் கம்பத்துப் பக்கம் போகக்கூடாதே என்று தாண்டவராயன் பெருமாளை வேண்டிக்கொண்டார். குமரேசன் நேராக அங்கேதான் போனார். குனிந்தார், எதையோ திருகினார்.

அந்த நொடியே தாண்டவராயனின் ரேடியோ உயிர்பெற்று, ராஜேஸ்வரி அம்மாள் கரகரவென்று பேச ஆரம்பித்தார்.

கையைத் துடைத்தபடி இறங்கிவந்த குமரேசன், மச்சானையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாண்டவராயன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க கம்பம் ராசா மாதிரி கீது, ஆனா அன்னிக்கு நான் குழாயில ஒயர மாத்தி உட்டுட்டேன் போல, ரெண்டு வருசமா உங்க கம்பத்துல அவரு பேசறாரு, அவரு கம்பத்துல நீங்க பேசறீங்க. அந்த அவரைக்கொடிய எந்தப் புண்ணியவான் வெச்சானோ தெரில, அத்த மட்டும் அறுத்துட்டீங்கன்னா உங்களுக்கும் ஐந்து ஒன்பதுதான்."