ஃபோர்காஸ்ட்டுன்னா நாலு செலவு

கொட்டச்சேடு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நான். அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அப்படி யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். பதினேழு வருஷமாக என் வீட்டுக்காரி சுகுணாவும் நம்பினாள்.

போன வியாழக்கிழமை அவள் போனை நீட்டியபோதுதான் வினை ஆரம்பித்தது.

"ஏனுங்க ரைட்டரே, ஏற்காட்டு லாட்ஜில இருந்து மெசேஜ் வந்திருக்குது. சாட்டர்டே டென் ஓ கிளாக் இன்டர்வியூ. ரெயின் ஃபோர்காஸ்ட்டுன்னு போட்டிருக்குது. ஃபோர்காஸ்ட்டுன்னா என்னங்க?"

லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. பிளஸ் டூ படித்துவிட்டுக் காப்பிப் பழம் பறிக்கிறவளுக்கு அது பெரிய ஆசை. எனக்கு அது பெரிய பயம். அந்த வேலைக்குப் போனால் காலை டிபன் போய்விடும். இங்கிலீஷ் பேசப் பழகிவிட்டால் என் மரியாதையும் போய்விடும். போதாக்குறைக்கு, அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது!

"இது தெரியாதா? ஃபோர்னா நாலு. காஸ்ட்டுன்னா செலவு."

"மழைக்கு எதுக்குங்க நாலு செலவு?"

"குடை ஒண்ணு. ரெயின்கோட்டு ரெண்டு. பஸ்ஸு மூணு. நனைஞ்சு வந்தா தலைவலி மாத்திரை நாலு. வீண் செலவு, வராதீங்கன்னு நாசூக்கா சொல்றாங்க."

"போக வேண்டாங்கறீங்களா?"

"நான் சொல்லலை சாமி. வார்த்தை சொல்லுது."

போனைத் தடவிக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

ஒரே 'சரிங்க'. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் ஒரே வார்த்தையில் முடித்ததில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, வெள்ளி ராத்திரி நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

சனிக்கிழமை கண் விழித்தால் மணி எட்டு. காப்பி வாசனையே இல்லை. அடுப்படியில் ஒரு சீட்டு.

'குடை, ரெயின்கோட்டு, பஸ்ஸு மூணையும் நான் எடுத்துக்கிட்டேன். நாலாவது உங்களுக்கு.'

சீட்டுக்குப் பக்கத்தில் தலைவலி மாத்திரை.

ஒன்பது மணிக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கோபமெல்லாம் கரைந்து கவலை வந்துவிட்டது. ஐயோ, நனைஞ்சிருப்பாளே! கேள்வி கேட்டுத் திணறடிப்பாங்களே! வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து, கடைசியில் மாத்திரையை நிஜமாகவே போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் துளிகூட நனையாமல் வந்து நின்றாள்.

"வேலை கிடைச்சிருச்சுங்க! திங்கக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க."

"எப்படி?"

"புதுசாக் கத்துக்கிட்ட ஒரு வார்த்தையை வெச்சு இங்கிலீஷ்ல பேசச் சொன்னாங்க. நான் ஃபோர்காஸ்ட்டைச் சொன்னேன்."

"அடிப்பாவி! நாலு செலவுன்னா சொன்னே?"

"எனக்கென்ன கிறுக்கா? முன்கூட்டியே கணிச்சுச் சொல்றதுதான் ஃபோர்காஸ்ட்டு. நீங்க குடைன்னு ஆரம்பிச்சப்பவே போன்ல பார்த்துட்டேன். 'டுமாரோ மை ஹஸ்பண்ட் வில் ஸ்லீப் டில் எய்ட். திஸ் இஸ் மை ஃபோர்காஸ்ட்'டுன்னேன். மேனேஜரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே நொம்ப நேரமாச்சு."

அவமானம்தான். ஆனால் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு ரைட்டர் உடனே தோற்றுவிட முடியுமா?

"சரி, நேத்துக் கணிச்சதை எப்படிச் சொல்லுவே? ஃபோர்காஸ்ட்டெட்டு! அது தெரியுமா?"

"அதையும் பார்த்தனுங்க. நேத்துக்கும் வெறும் ஃபோர்காஸ்ட்டுன்னாலே போதுமாம், வாலே வேண்டாமாம். உங்களாட்டமேதான். எந்தக் காலத்துலயும் மாறாது."

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"அப்ப திங்கக்கிழமை எனக்கு யாரு டிபன் செய்யறது?"

"அதுக்கும் ஒரு ஃபோர்காஸ்ட்டு வெச்சிருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, ரவை டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கணிப்பு அப்படியே பலித்தது, உப்புமாதான் அடிப்பிடித்தது.