கர்னலுக்குப் போன ஓட்டு

வர்ஜீனியா, ஏப்ரல் 1796

மரியாதைக்குரிய எசேக்கியேல் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகன் ஆசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கை தபிதாவும் என் பன்றிகளும் நலம். கென்டக்கிக் காற்றில் தங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். தங்கையின் கணவன் லெமுவேலும் நலம்தான். அதை எழுதத்தான் கை வரவில்லை.

நீங்கள் கிளம்பும்போது உங்கள் இருபத்தைந்து ஏக்கரை அவனுக்கும் கோடரியை எனக்கும் கொடுத்தீர்கள். கோடரிக்கு ஓட்டு கிடையாது. அந்த அளவு நிலமும் அதில் பன்னிரண்டடிச் சதுரத்தில் ஒரு வீடும் இருந்தால்தான் இந்தக் குடியரசு ஒருவனுக்குச் சொந்தப் புத்தி உண்டென்று ஒத்துக்கொண்டு ஓட்டுக் கொடுக்கிறது, லெமுவேலிடம் வீடு இல்லை, ஆகவே நானே மரம் வெட்டிக் கட்டிக்கொடுத்தேன், ஏனென்றால் சட்டசபைக்கு நிற்கும் கர்னல் ஃபேர்லி ஜெயித்தால் தன் மாவு ஆலைக்காக ஓடையின் குறுக்கே அணை கட்ட அனுமதி வாங்கிவிடுவார், கரையிலிருக்கும் என் வாடகைக் குடிசை தண்ணீருக்குள் போய்விடும், அவருக்கு எதிராக லெமுவேலாவது ஓட்டுப் போடட்டும் என்றுதான். "கவலப்படாத மச்சான், என் வாயிலதான் ஒன் ஓட்டும் இருக்கு" என்றான் லெமுவேல்.

தேர்தலன்று நீதிமன்ற வாசலில் கர்னல் முழு மாட்டையே சுட வைத்திருந்தார். அவருடைய அடிமைகள் இருவர் நெருப்பருகே வியர்த்து அதைத் திருப்பிக்கொண்டிருக்க, அவர் சுதந்திரத்தைப் பற்றி முழங்கினார். "கூலிக்காரன் ரொட்டி போடுறவன் பேச்சத்தான் கேப்பான். அதனாலதான் ஓட்ட நிலத்துக்காரன் கையில குடுத்திருக்கோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப இந்த மாடும் ரம்மும் யாருக்குங்க?"

"நிலத்துக்காரங்களுக்கு. அவங்கள யாராலயும் வாங்க முடியாது" என்று சொல்லி லெமுவேலின் குவளையை நிரப்பச் செய்தார்.

இங்கே ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வேட்பாளர்கள் எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு ஓட்டு என்று ஷெரீஃப் கேட்டார், லெமுவேல் கர்னலைப் பார்த்தான், கர்னல் சிரித்தார், "கர்னல் ஐயாவுக்குங்க" என்றான் இந்தப் பாவி. கர்னல் எழுந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்து நன்றி சொன்னார்.

"என்னடா மாப்ள இது?"

"பேரச் சொல்லிக் கூப்ட்டு, புள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சானு கேட்டாரு மச்சான்."

"நிலத்துக்காரன் எவனுக்கும் பயப்பட மாட்டான்னு சட்டமே சொல்லுதேடா."

"சட்டம் அந்த பெஞ்சு முன்னால வந்து நிக்கலயே."

கர்னல் ஜெயித்துவிட்டார். அந்த வீட்டுக்காக நான் சாய்த்த மரங்களை நினைத்தால்தான் துக்கமாக இருக்கிறது, நின்றபடியே இருந்திருக்கலாம். அணை வரட்டும், மூழ்கினாலும் அந்த ஆளுக்கு முன்னால் தலைகுனிய மாட்டேன், லெமுவேலோடு ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன்.

சித்திக்கு என் வணக்கம். கடவுள் உங்களை எந்தக் கர்னலும் இல்லாத கரையில் வைத்துக் காக்கட்டும்.

தங்கள்
ஆசா ப்ரூயிட்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கர்னலே குதிரையில் வந்தார். அணைக்கு மரவேலை தெரிந்த ஆள் வேண்டுமாம். தொப்பியைக் கழற்றி, என் பன்றிகளின் சுகம் விசாரித்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். லெமுவேலைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து என்னைப் பற்றி எழுதியதாக வாசித்துக்கொள்ளவும்.