மாப்பிள்ளை கடையில் என் மகளின் லிஃப்ட்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் மனைவியும் இங்கேதான் இருக்கிறாள். அவள் சுகமா என்பதை அவளிடம் கேட்கும் தைரியம் இன்னும் எங்களுக்கு வரவில்லை.

போன திங்கட்கிழமை ஒரு பெட்டித் துணியும் இரண்டு கம்ப்யூட்டருமாக வந்து இறங்கினாள். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பனுக்குப் பிறந்ததால் லிஃப்ட்டை வைத்தே ஒரு வீடியோ கேம் செய்தவள் அவள். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியை ஒரே லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது, இன்டர்வியூவுக்கு ஓடுகிறவரை முதலில் இறக்க வேண்டும், இப்படி. இரண்டு வருட உழைப்பு. அதைச் செயலி, கேம் எல்லாம் விற்கிற உங்கள் கம்பெனியின் இணையக் கடையில்தான் விற்கப் போட்டாள், ஏனென்றால் கேம் வாங்குகிற சனம் வேறு கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. நாலாவது வாரம் உங்கள் கம்பெனியே ‘தங்க லிஃப்ட்’ என்று ஒன்றை இறக்கியது. அதே சண்டைக்காரத் தம்பதி, அதே இன்டர்வியூக்காரர். பொத்தான்களுக்கு மட்டும் தங்க முலாம். கடையின் முதல் பக்கத்தில் அது கதவளவு நிற்கிறது. ‘லிஃப்ட்’ என்று தேடினால் முதலில் அது, அடுத்து பளு தூக்கும் கேம், அடுத்து ஏன் என்றே தெரியாமல் ஒரு கடற்கொள்ளையர் கேம். என் மகளுடையது ஒன்பதாம் பக்கம். கடைக்காரரே சரக்கும் செய்து, தன் சரக்கை வாசலிலும் அடுத்தவர் சரக்கைப் பரணிலும் வைத்தால் யார் சார் பரண் ஏறுவார்கள்? மன்னிக்கவும், கோபத்தில் உங்களை சார் என்று எழுதிவிட்டேன்.

அந்த முதல் பக்கத்தை அடுக்குகிற வேலையே உங்களுடையது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தங்க லிஃப்ட் தயாராவது எட்டு மாதம் முன்பே உங்களுக்குத் தெரியும் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் தன் கேமைக் காட்டியபோதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறீர்கள். போனில் கேட்டேன்.

“ரகசியம் காப்பேன்னு வேலைல சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கேன் மாமா.”

“கல்யாணத்தன்னிக்கும் ஒரு கையெழுத்துப் போட்டீங்க மாப்பிள்ளை.”

அதோடு லைன் கட்டாகிவிட்டது. தானாகக் கட்டானது என்றே வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் உங்கள் அத்தை தடுத்தும் கேளாமல், சந்தையை ஒருவரே பிடித்து வைத்துக்கொண்டால் விசாரிக்கிற அரசு அலுவலகத்துக்குப் போனேன். ஐந்தாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் அதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஆகி, கையெல்லாம் கிரீஸோடு அதிகாரி அம்மா முன்னால் நின்றேன். பொறுமையாகக் கேட்டார். வேறு கடைகளும் இருக்கின்றனவே, அங்கே விற்கலாமே என்று கம்பெனி சொல்லும் என்றார். ஆள் போகாத கடையும் கடையா அம்மா என்றேன். நியாயம்தான் என்று எழுதிக்கொண்டார். பிறகு, புகாரை எங்கள் செயலி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். செயலி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். “உங்க மாப்பிள்ளை கடையிலதான் சார்.”

தேடினேன். ‘தங்க லிஃப்ட்’தான் முதலில் வந்து நின்றது. கிரீஸ் விரல் வழுக்கி அதை வாங்கியும் தொலைத்தேன்.

மாப்பிள்ளை, கம்பெனியை எதிர்க்கச் சொல்லவில்லை. வந்து, தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் காத்திருப்பது கடைக்காக இல்லை.

உங்கள் உடம்பும் உத்தியோகமும் நலமாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட நான்கு நாள் தாமதமாகிவிட்டது. அதற்குள் உங்கள் மனைவியும், இதேபோல அடிபட்ட நான்கு பேரும் சேர்ந்து எங்கள் முன்னறையில் நியாயமான இணையக் கடை ஒன்றைத் திறந்துவிட்டார்கள். முதல் பக்கத்தை இவள் பொறுப்பில் விட்டார்கள். இன்று காலை மீன் பிடிக்கும் கேம் செய்தவர் தன்னுடையதைத் தேடித் தேடி, கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார். முதல் பக்கத்தில் கதவளவு நின்றது இவளுடைய லிஃப்ட். நால்வரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, “அவர் எப்பப்பா வருவார்? இதை அவர்கிட்ட மட்டும்தான் பேச முடியும்” என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் உடனே புறப்பட்டு வரவும்.