அரபுப் படமும் அம்மாவின் வீட்டு உறுதியும்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் முகத்தைப் பார்த்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்று பாரிஸில் எங்கள் சனம் நிறைந்த லா சப்பல் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தேன். (கேட்டவர்களும் பாவம், தலையாட்டினார்கள்.)

கீழ் மாடியில் இருக்கும் சோரா, அல்ஜீரியாக்காரி, ஒரு மத்தியானம் பழைய அரபுப் படம் பார்க்கக் கூப்பிட்டாள். அடியில் பிரெஞ்சு எழுத்து எறும்பு மாதிரி ஓடியது. விளங்கவில்லை என்று சொல்ல மானம் விடவில்லை. நாங்கள் பார்க்காத படமா? தாயின் கையைக் கொஞ்சிக் கண்ணீர் விட்ட மூத்தவன் நல்லவன். மெல்லிய மீசையோடு எதற்கும் சிரித்துக்கொண்டு, அக்காவிடம் கடுதாசியில் கையெழுத்து வாங்கிய இளையவன் கள்ளன். அவனைப் பொலிஸ் இழுத்துப்போனபோது நான் கைதட்டினேன். சோரா மூக்கைச் சிந்திக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அடுத்த நாள் என் தம்பியின் மரக்கறிக் கடைக்குப் போனேன். அவனுக்கும் மெல்லிய மீசை, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வீடு எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. அந்த வீட்டுக் கடுதாசி ஒன்றை நீட்டினான்.

"அக்கா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ," என்று சிரித்தான்.

எனக்குள் படம் திரும்ப ஓடத் தொடங்கியது. சனிக்கிழமை, கடை நிறையச் சனம்.

"சிரிச்சுச் சிரிச்சே கூடப்பிறந்தவளின்ரை வீட்டை விழுங்கப் பாக்கிறியோ?" என்று கேட்டு, கடுதாசியை நாலாய்க் கிழித்து வெண்டிக்காய்ப் பெட்டிக்குள் போட்டேன்.

தம்பி தராசுப் பக்கம் திரும்பி, நின்ற ஆளுக்கு மரக்கறி நிறுக்கத் தொடங்கினான். அவன் மனைவிதான் துண்டுகளைப் பொறுக்கிப் பொருத்தினாள்.

"மச்சாள், இது இவர் தன்ரை பங்கையும் உங்கடை பேருக்கு எழுதின உறுதி. ஏற்கிறதெண்டு நீங்கள் கையெழுத்து வைச்சால் சரி."

வெண்டிக்காய் வாங்க வந்தவர்கள் எல்லாரும் கத்தரிக்காயைப் பார்த்தார்கள்.

நேரே போய்ச் சோராவின் கதவைத் தட்டி, படத்தின் கதையைக் கேட்டேன். அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி கையாலும் விளங்கப்படுத்தினாள். அழுதவன்தான் பேராசையில் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவனாம். சிரித்தவன் அக்காவின் வீட்டைக் காப்பாற்றப்போய் மறியலில் கம்பி எண்ணப் போனவனாம்.

தம்பி உறுதியைத் திரும்ப எழுதுவித்தான். கொண்டுவந்து தந்தது அவன் மனைவி. அழுதவனை நல்லவன், சிரித்தவனைக் கள்ளன் என்று நம்பிய படக் கதையை அவளிடம் சொன்னேன்.

இப்போதும் நான் கடைக்குள் கால் வைத்தால், "மச்சாள் வாறா, எல்லாரும் அழுங்கோ" என்று அவள் குரல் கொடுப்பாள். தம்பியின் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். தம்பி மட்டும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு மரக்கறி நிறுப்பான். பகிடிக்குத்தான் சிரிக்காமல் நிற்கிறானா, இன்னும் மனம் நோகிறதா என்று இன்றுவரை நான் அவனைக் கேட்கவில்லை.