மூணாவது மாடியில் ரொட்டி தயார்

வேகவைத்த மொச்சையான ஃபூல் விற்கும் வண்டிக்காரர் பக்கீத்துக்கு அந்த ஆபீஸ் வைத்திருந்த பாக்கி இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது பவுண்டு. இருபத்து மூன்று நாள் காலைச் சாப்பாடு. தினமும் யாரும் காசு கொடுப்பதில்லை. எல்லாரும் எழுதிய புரோகிராமை ஒன்றாக்கி ஓட விடுகிற பில்டை யார் உடைக்கிறார்களோ, அவர்கள் தலையில் அதுவரை சேர்ந்த மொத்தமும் விழும். கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில், ஐந்தே பேர் வேலை பார்த்த அந்த ஆபீஸின் சட்டம் அது.

இருபத்து நான்காம் நாள் காலை, அது தன் தலையில்தான் விழப்போகிறது என்று ரிஃப்அத்துக்குத் தெரிந்துபோனது.

பதினாறு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவன். ஆறு மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. பகல் பன்னிரண்டுக்கு மேடம் நிவீன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் பழையபடி நெருப்புப் பொறிதான்.

நடந்தது சின்ன விஷயம். அங்கே இரண்டு வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பேக்கரி அடுப்பை இயக்கும் புரோகிராம், மற்றொன்று லிஃப்டை இயக்குவது. எதை எப்படி பில்டு செய்வது என்று, புரோகிராம் எழுதும் எடிட்டர் மென்பொருளுக்குச் சொல்ல ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு குட்டி செட்டிங் ஃபைல் உண்டு. லிஃப்டுக்கான ஃபைலில், தன் மெஷினுக்குத் தோதாக ரிஃப்அத் ஒரு வரியை மாற்றினான். எழுதியதை எல்லோருக்கும் பொதுவான கிடங்குக்கு அனுப்பியபோது அந்த ஃபைலும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

"என்னப்பா, எனக்கு பில்டு ஆக மாட்டேங்குது" என்றான் பக்கத்து மேசை ஷுக்ரி.

"அணைச்சுப் போட்டுப் பாரு" என்றான் ரிஃப்அத். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"எனக்கும் ஆகல" என்றாள் இனாஸ். "ஏன்ணே உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

"ஃபேன் ஓடல."

"ஓடுதே."

பழைய வரியையே திரும்ப எழுதினான். இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, யார் எதைச் சேமித்தாலும் எல்லா மெஷினும் அடியிலிருந்து பில்டு செய்ய ஆரம்பித்தன. அறை மாவு மில் மாதிரி இரைந்தது. அப்படிச் செய்யச் சொல்லும் வரி ஒன்று ஃபைலில் புதிதாக இருந்தது; அதை அவன் எழுதவே இல்லை. எழுதியிருப்பேனோ என்று தன் கையையே பார்த்தான்.

அந்த வரியை நீக்கி மறுபடி அனுப்பினான்.

மேசையில் சோதனைக்கு லிஃப்ட் பெட்டி ஒன்று இருந்தது. இனாஸ் மூன்றாம் மாடி பட்டனை அழுத்தினாள். குட்டித் திரையில் எழுத்து வந்தது: ரொட்டி தயார்.

"அஞ்சாவது மாடிக்குப் போனா கேக் கிடைக்குமா?" என்றான் எதிர் மேசை தல்அத்.

மற்ற நாளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்ன தல்அத்தே சிரிக்கவில்லை.

மேடம் நிவீன் தன் அறையிலிருந்து வந்து நின்றாள்.

"ஒரு மணிக்கு லிஃப்ட் கம்பெனிக்காரங்க வராங்க. அவங்களுக்கு ரொட்டியா குடுக்கப் போறோம்? யார் கை வச்சது?"

எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்தார்கள்.

"யார் எந்த வரிய மாத்தினாங்கன்னு கிடங்குல பேரோட இருக்கு. ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம். ஆனா நான் பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்காதீங்க. நாம மானமுள்ள ஜனங்க. செஞ்சவங்களே பன்னிரண்டுக்குள்ள பக்கீத் கணக்க முடிச்சுட்டு வந்துடணும்." நெற்றியைத் தடவிக்கொண்டாள். "நான் தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன்."

அவள் திரும்பி வந்ததும் ஷுக்ரி சிகரெட் வாங்கப் போனான். அவன் சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவன் வந்ததும் இனாஸ் போனுக்குக் காசு போடக் கிளம்பினாள். கடைசியாக தல்அத், கார் நிறுத்திய இடம் சரியில்லை என்று எழுந்தான். ஒருவர்கூட ரிஃப்அத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, என்னைத் தனியாக விட்டு ஒதுங்குகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

போனவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விசைப்பலகையில் ஒரு கையும் இல்லை. ரிஃப்அத் கடைசி முறையாக அதே பழைய வரியை எழுதி அனுப்பினான். பட்டனை அழுத்தினான். திரையில் மூன்றாம் மாடி என்று வந்தது.

காலையில் எழுதிய அதே வரி. அப்போது கேட்காதது இப்போது எப்படிக் கேட்டது? யோசிக்க நேரமில்லை. மணி பதினொன்றே முக்கால்.

ஃபிரிட்ஜ் தவணைக்கு வைத்திருந்த மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பக்கீத் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆபீஸ் கணக்க முடிக்கணும். நான்தான் உடைச்சேன். மேல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பக்கீத் அகப்பையை அப்படியே பானைக்குள் விட்டார்.

"காச உள்ள வை, இன்ஜினியர். கணக்கு தீர்ந்தாச்சு."

"யாரு கட்டினது?"

"என்ன ஆபீஸ்யா நடத்துறீங்க? ஏதோ செட்டிங்ல கை வச்சேன், சரி பண்ணப் போய் இன்னும் கெடுத்துட்டேன், மேல சொல்லிடாதீங்கன்னு காலையிலேருந்து ஒவ்வொருத்தரா வராங்க. நீ அஞ்சாவது ஆளு. உனக்கு முந்தி மூணு பேரத் திருப்பி அனுப்பியாச்சு."

"மூணு பேரா? அப்ப முதல்ல வந்தது?"

"உங்க மேடம்தான். ஒத்தக் காசு பாக்கியில்லாம கட்டிட்டு, அடுத்த மாசமும் உடைச்சாலும் உடைப்பேன்னு நூறு பவுண்டு அட்வான்ஸும் குடுத்துட்டுப் போச்சு."