டேக்சா மிதந்த ஓடை

தாராவியில் பிறந்தவனுக்கு வெள்ளத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது வீட்டுக்குள் வரும் தண்ணீர் மட்டும். வாசற்படியைத் தாண்டியதும் மிக்ஸி, டிவி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் மாளாவில் (கூரைக்கடியில் பலகை அடித்த பரணுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) ஏற்றிவிட்டு, நாங்களும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். கடல் உள்வாங்கினால் தண்ணீரும் வடிந்துவிடும்.

இந்த மகா அனுபவத்தோடுதான் ஒரு ஜூலை ஞாயிறு நானும் என் மனைவி செல்வியும் அவள் தம்பி முருகேசனும் கர்ஜத் பக்கம் ஓர் ஓடைக்கு பிக்னிக் போனோம். (மழைக்காலத்தில் பிக்னிக் போகாதவனை மும்பையில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.) பிரியாணி டேக்சாவை (மூடி போட்ட பெரிய அலுமினியப் பாத்திரம்) ரயிலில் மடியில் வைத்துக் காப்பாற்றி வந்தவன் நான்.

கரையில் எருமை மேய்த்தவர் இந்தியில் எச்சரித்தார். ஓடைக்குள் ஆழமான பள்ளங்கள் உண்டு, மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என்றார்.

"வருசா வருசம் நம்ம வீட்டுக்குள்ளயே வருது. நாம பாக்காத தண்ணியாடே?" என்றேன் முருகேசனிடம்.

ஓடை நடுவே மணல் திட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமானது. அப்போது கணுக்கால் அளவுதான்.

"கரைக்குப் போயிருவோம் அத்தான்," என்றான் முருகேசன்.

என் தாராவி மூளை கேட்கவில்லை. டேக்சாவைத் தலையில் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பாறையில் ஏறினேன். "மேல வாங்க. செத்த நேரத்துல வடிஞ்சிரும்."

வடியவில்லை. பாறையும் முங்கி, இடுப்புவரை ஏறியது. செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எருமைக்காரர் கரையிலிருந்து கயிறு வீசினார். அதை எட்டிப் பிடிக்கப் போன முருகேசன் வழுக்கிப் பள்ளத்துக்குள் போனான். போகும்போது என் பக்கம்தான் கையை நீட்டினான். என் இரண்டு கையும் டேக்சாவைப் பிடித்திருந்தன.

"அந்தச் சனியனக் கீழ போடுங்க," என்றாள் செல்வி.

போட்டேன். டேக்சா அழகாக மிதந்து போனது. முருகேசன் மிதக்கவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு மரவேரில் மாட்டிக் கிடந்தவனை ஊர்க்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். வெகு நேரம் கழித்துத்தான் இருமினான். எங்களையும் கயிறு கட்டித்தான் கரையேற்றினார்கள். அன்று சாயங்காலம் அதே பள்ளத்திலிருந்து இன்னொரு பையனை எடுத்தார்கள். வேறு கோஷ்டியோடு வந்தவன். அவன் இருமவில்லை. அவன் செருப்பு எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

இன்றும் சொந்தக்காரர் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தால் முருகேசன் சத்தமாகச் சொல்வான்: "அத்தான் கையில மொதல்ல டேக்சாவக் குடுங்க. பொறவு எவன் செத்தா அவருக்கென்ன." பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனால் யாராவது என் பக்கம் சட்டென்று கையை நீட்டினால், கையில் இருப்பதை அப்படியே கீழே போட்டுவிடுகிறேன். டீ கிளாஸ், போன், ஒருமுறை புது மிக்ஸி ஜார். செல்வி இதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை.