தெல்தெனியவுக்கு ஓர் எதிரி தேவை

ஒரு நாடு சொந்தக் காலில் நிற்க வேண்டுமானால், தனக்கு வேண்டிய ஆயுதத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். இந்த அரிய உண்மையை நமக்கு எடுத்துச் சொன்னது ஒரு நட்பு நாடு. சொன்னதோடு நிற்காமல் அதற்கான உதவியையும் தந்தது. உதவி வந்த கையோடு கண்டியில் ஓர் அலுவலகம் திறந்து, 'பிராந்திய உள்நாட்டுப் பாதுகாப்புக் கைத்தொழில் ஊக்குவிப்பு அலகு' என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகை சுவரை விட நீண்டுபோனதால், 'அலகு' மட்டும் பக்கத்துப் பல் வைத்தியரின் சுவரில் இருந்தது. கதிரை வந்தது, அலுமாரி வந்தது, குளிரூட்டி வந்தது. கைத்தொழில் மட்டும் வரவில்லை. மாவட்டம் முழுக்கச் சலித்துப் பார்த்ததில், துவக்கு, அதாவது துப்பாக்கி, செய்யத் தெரிந்தவர் என்று அகப்பட்ட ஒரே ஆள் தெல்தெனிய நளீர்.

நளீர் தெல்தெனிய பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். வீட்டைச் சுற்றி நின்ற தென்னைகள்தான் அவர் குடும்பத்துக்குப் பெரிய பலம். தேங்காய் விற்கிற விலையில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் குரும்பை பிடித்ததும் குரங்குகள் வந்துவிடும். ஒன்றைத் தின்னும், ஒன்பதைப் பறித்து எறியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நளீர், பிளாஸ்டிக் குழாயும் லைட்டரும் பசையும் சேர்த்து ஒரு வெடித் துவக்கு செய்தார். குண்டு கிடையாது, டமார் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குரங்குகள் அடுத்த மலைக்குப் போய்விட்டன. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

இதைக் கேள்விப்பட்டு அலுவலகத்திலிருந்து உதவிப் பணிப்பாளர் சுதர்சினி ஜீப்பில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, வேலையில் கெட்டிக்காரி.

"இதின்ர வீச்சு எவ்வளவு தூரம்?"

"வீச்செல்லாம் இல்ல மிஸ். சத்தம் மட்டும்தான்."

"அப்ப உயிர்ச்சேதம் விளைவிக்காத ஆயுதம். இதைத்தானே நாங்கள் தேடித் திரிஞ்சனாங்கள்!"

"இது கொரங்கு வெரட்டுற சாமான் மிஸ்."

"எதிரி ஆரெண்டதைப் பிறகு தீர்மானிக்கலாம். நிதியாண்டு முடிய முந்தி நாங்கள் உற்பத்தியைக் காட்ட வேணும்."

நளீர் கொஞ்சம் யோசித்தார். "கொழாய் கண்டியிலயே மலிவா எடுக்கலாம் மிஸ்."

"கூடாது. குழாய், லைட்டர், பசை எல்லாம் உதவி தந்த நாட்டில இருந்துதான் வர வேணும். ஒப்பந்தத்தில கிடக்கு."

"அப்ப இதுல உள்நாடு எது?"

"நீங்கள்தான்."

நளீருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐம்பது வருஷமாக இந்த மண்ணில் புழங்குகிறவரை ஒருவர் கூட இப்படி வாயாரச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. பெயின்ட் டின்களும் ஆணிப் பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில் போயின. கடை வாசலில் 'நளீர் டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ்' என்று பலகை ஏறியது. இராணுவப் புள்ளிச் சட்டை தைக்கக் கொடுத்தார். அதைப் போட்டால் உள்ளே தள்ளுவோம் என்று பொலிஸில் சொன்னதால், பச்சை சஃபாரியோடு மனதைத் தேற்றிக்கொண்டார். ஊர் இளைஞர்களும் பச்சைக்கு மாறினார்கள். மூன்று தென்னைகளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தொழிற்சாலைக் கொட்டகை எழும்பியது.

அவர் மனைவி பஸ்லினாவுக்கு இதொன்றும் பிடிக்கவில்லை. "தண்ணிக் கொழாய் கேட்டு ஆக்கள் வந்து திரும்பிப் போறாங்க" என்றாள்.

"நான் இப்ப தண்ணிக் கொழாய் விக்கிற ஆளில்ல. நான் பாதுகாப்புத் துறை."

"எங்கட குசினிக் கொழாய் ஒழுகுது. அதுக்கு எந்தத் துறைக்குச் செல்லணும்?"

நளீர் சஃபாரியை இழுத்துவிட்டுக்கொண்டார். பாதுகாப்புத் துறையில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாது என்று அவருக்குப் பயிற்சி தந்திருந்தார்கள்.

வருட முடிவில் நட்பு நாட்டு நிபுணர் மதிப்பீட்டுக்கு வந்தார். கண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதரை மேளமில்லாமல் வரவேற்றால் அது வரவேற்பே அல்ல. மேளம் வந்தது, வெற்றிலை வந்தது, குத்துவிளக்கு வந்தது. பாதுகாப்புக் கைத்தொழிலுக்கு இவை மட்டும் போதாது, மரியாதை வேட்டும் வேண்டும் என்று சுதர்சினி விரும்பினார். நளீர் புதுத் துவக்குகள் அத்தனையையும் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் வெடிக்க வைத்தார். சத்தம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மோதி, மலையில் மோதி, திரும்பி வந்து மறுபடியும் மோதியது. மேளகாரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

நிபுணர் காதைக் குடைந்துகொண்டு தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். கோப்பில் எதிரி என்று எழுதியிருந்த குரங்கைத் தேடி மரம் மரமாகப் பார்த்தார். ஒரு வால் கூடத் தென்படவில்லை. சுதர்சினியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன செல்றார் மிஸ்?" நளீர் ஆவலோடு கேட்டார்.

"எதிரி இல்லாத இடத்துக்கு ஆயுத உதவி எதுக்கெண்டு கேக்கிறார்."

"அப்ப நாங்க வெற்றிதானே மிஸ்?"

"விளங்காமல் கதைக்காதேங்கோ. வெற்றியெண்டால் அலுவலகத்தை மூட வேணும்."

நளீர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடை போய்விட்டது. மூன்று தென்னைகள் போய்விட்டன. இனி துறையும் போனால் பச்சை சஃபாரியோடு எந்த முகத்தைக் கொண்டு பள்ளிவாசலுக்குப் போவது?

அலுவலகம் அவசரமாகக் கூடி 'அச்சுறுத்தல் பேணல் நிகழ்ச்சித்திட்டம்' ஒன்றை வகுத்தது. தோட்டக்காரர்களிடம் இருந்த பழைய துவக்குகள் தரச்சான்று இல்லாதவை என்று திரும்பப் பெறப்பட்டன. புதியவை வெடித்தால் எதிரி பயப்படும் என்பதால், களஞ்சியத்தில் வைத்துப் பூட்டப்பட்டன. நீர்த்தேக்கக் கரையோரமாக லொறியில் வாழைப்பழம் கொட்டப்பட்டது. பழம் கொட்டும் பொறுப்பு, அனுபவம் கருதி, நளீரிடமே ஒப்படைக்கப்பட்டது.

"இங்க வாங்க, வாங்க" என்று தாம் துரத்திய குரங்குகளைத் தாமே கூப்பிட்டபடி அவர் கரையில் நடந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் குரங்கு இறங்கி வந்து பழத்தை எடுத்தபோது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்த குரங்குகள் தன் வாழையையும் முறித்ததைக் கண்டு, மேட்டுத் தோட்டத்துக் கறுப்பையா கொதித்துப்போய் வந்தார். நளீரை அவர் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பார். "என்னா நானா இது? வேர்வ சிந்தி நட்டது நாங்க. குரங்குக்கு விருந்து வைக்கிறது நீங்களா?"

சுதர்சினி அவரைச் சமாதானப்படுத்தினார். எதிரியால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நட்பு நாட்டு உதவியிலிருந்து மாதக் கொடுப்பனவு உண்டு என்றார். கறுப்பையா முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இரண்டாம் மாதம் முணுமுணுக்காமல் வாங்கினார். மூன்றாம் மாதத்தில், வாழைக்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் உழைப்பு என்று அவருக்கே தோன்றிவிட்டது. ஊர் முழுக்க இதே ஞானம் பரவியது. நிபுணர் மறுபடி வந்தார். மரத்துக்கு மரம் எதிரியைக் கண்டு மனம் நிறைந்து, உதவியை இரட்டிப்பாக்கிப் போனார். பேராபத்து நிலவும் பிரதேசமாகத் தெல்தெனிய அறிவிக்கப்பட்ட அன்று ஊரே பட்டாசு கொளுத்த ஆசைப்பட்டது. எதிரி பயந்துவிடும் என்று கொளுத்தவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில், ஒருநாள் காலையில் கறுப்பையா நளீர் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"நானா, இந்த மாசம் நம்ம பேர வெட்டிட்டாங்க. பாதிப்பே இல்லயாம்."

"ஏன், கொரங்கு வரல்லியா?"

"எங்க வரும்? தோட்டத்துல ஒரு காயும் இல்ல. எல்லாம் ஒங்க கூர மேலதான் குந்தியிருக்கு. ரெண்டு குடும்பத்த எங்க பக்கம் அனுப்பி வைங்க."

நளீர் கூரையை அண்ணாந்து பார்த்தார். கிழக்குப் பக்க ஓடு பாதி இல்லை. மிச்சமிருந்த தென்னைகளில் குரும்பை கூடக் கிடையாது. ஆனால் கொட்டகைக்கு வருகிற உதவி கூரையில் உள்ள தலைகளை எண்ணித்தான் வருகிறது.

"தர ஏலாது கறுப்பையா. இதெல்லாம் என்ட கொரங்கு."

"ஒங்க குரங்கா? எங்க வாழயத் தின்னு வளந்தது நானா!"

"பழம் போட்டுக் கூட்டி வந்தது ஆரு?"

குரல் உயர்ந்தது. முப்பது வருஷப் பழக்கம். நோன்புப் பெருநாளுக்கு வட்டலப்பமும் தீபாவளிக்கு முறுக்கும் கைமாறிய வீடுகள். இப்போது ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் கேட்டுக் கூரையிலிருந்து சில குரங்குகள் எழும்பின. இருவரும் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவை மறுபடி உட்காரும் வரை மூச்சுக்கூட விடவில்லை. பிறகு சண்டையைக் கிசுகிசுவென்று தொடர்ந்தார்கள்.

பஸ்லினா குசினியிலிருந்து வெளியே வந்து இருவரையும் பார்த்தாள்.

"சண்ட முடிஞ்சா எனக்குச் செல்லுங்க. கறிக்கு ஒரு தேங்கா வேணும். ஒங்கள்ல ஆருட பேச்ச அந்தக் கொரங்குகள் கேக்குமோ, அவர் போய் ஒண்டு கேட்டு வாங்கிக் குடுங்க."